தேய்மானம்

சென்ற மாதம் நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தபோது கவிஞர் ஒருவர் – பெயர் அவசியமில்லை, இப்பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும் – சமீபத்தில் என்ன படம் பார்த்தாய் என்று என்னைக் கேட்டார். ஓஸு, ப்ரெஸ்ஸோன் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். 'லூகாஸ்' என்றேன். யாருடையது என்றார். ழூலியன் லெக்லெர்க் என்ற பிரெஞ்சு டைரக்டர் எடுத்தது, 2018-ல் வந்தது, வான் டாம் நடித்தது என்றேன். ஒரு கணம் மௌனம். பிறகு சிரிப்பு. "காலை விரித்து ரெண்டு நாற்காலி மேல உட்காருவானே, அவனா?" என்றார் இன்னொருவர். அவனேதான்.

சிரிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வகைப் படங்களைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை சிரிக்கக் கூடாத இடத்திலும் சிரித்துவிட்டேன். அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இதை எழுதுவதற்கு முதல் காரணம். படங்களைப் பற்றிய அபிப்பிராயம் இரண்டாவது.

வான் டாம் என்ற பெயர் எனக்கு முதலில் தமிழ்ச் சொல்லாகத்தான் அறிமுகமாயிற்று. எங்கள் ஊர் ரயில்வே பணிமனையை நம்பி வாழும் ஊர். பழைய ஆங்கிலப் படங்களை இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்றாகப் போடும் தியேட்டர் ஒன்று அங்கே இருந்தது. வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் இன்றைக்கு என்ன படம் என்று கேட்டால் "வேண்டாம் படம்" என்பார். வேண்டாமென்றால் ஏன் ஓட்டுகிறாய் என்று கேட்க வேண்டும், அவர் சிரிக்க வேண்டும். இந்த ஹாஸ்யம் ஊரில் பல வருஷம் ஓடியது. அப்பா பணிமனையில் ஃபிட்டர். ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆங்கிலச் சண்டைப் படம் என்றால் விடமாட்டார். பேச்சு புரியாததால் ஆளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அவருடைய கட்சி. 1992-ல் வெளியான 'யூனிவர்சல் ஸோல்ஜர்' எங்கள் ஊருக்கு நாலு வருஷம் கழித்து, மழை பெய்யும் பிரின்ட்டாக வந்து சேர்ந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது. எனக்குக் கதை வேண்டியிருந்தது. அவரோ ஒவ்வொரு உதைக்கும் பக்கத்திலிருந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார். "இது நெஜம். இடுப்புலேர்ந்து வருது பாரு. அது வெட்டி ஒட்டினது." இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிறவன் ஓடும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்பதுபோல அவர் சினிமா பார்ப்பார். பிற்பாடு பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் மூன்று வருஷம் விமர்சனம் படித்தேன். அவர் அளவுக்கு ஸ்தூலமாக ஒரு பொருளைப் பார்க்க அங்கே எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இளமையில் தற்காப்புக் கலைகளால் பெயர் பெற்று, ஐம்பதைத் தாண்டிய பிறகும் அதே தொழிலில் இருக்கிற நடிகர்களை வைத்துக் குறைந்த பணத்தில் எடுக்கப்படும் இருண்ட குற்றக் கதைகளைத்தான் சொல்கிறேன். தனி மனிதன், பழைய பாவம், இரவு நகரம், தீர்க்க முடியாத கடன். ஹாங்காங்கிலும் இப்படி உண்டு. 2010-ல் வந்த 'கேலன்ட்ஸ்' கிழட்டு சீடர்கள் இருவரை வைத்து இதையே கேலியும் கனிவுமாகச் செய்தது. ஸாம்மோ ஹங் தானே டைரக்ட் செய்த 'தி பாடிகார்ட்' (2016) படத்தில் ஞாபகம் அழிந்துகொண்டிருக்கும் ஓய்வுபெற்ற மெய்க்காப்பாளனாக வருகிறார். எல்லாம் மறந்துபோகிறது, எலும்பை எந்தக் கோணத்தில் முறிப்பது என்பது மட்டும் கைக்கு மறக்கவில்லை. நல்ல கற்பனைதான். ஆனால் ஆண்டி லா போன்ற நட்சத்திரங்களும் வசதிகளும் சூழ்ந்த படம் அது. நான் பேச விரும்புவது இன்னும் ஏழ்மையான படங்களைப் பற்றி.

அந்த ஏழ்மை எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். வங்கியில் குமாஸ்தாவாகப் பதிமூன்று வருஷம் கழித்தவனுக்கு இது மட்டுமாவது தெரிந்திருக்கிறது. பில் டிஸ்கவுன்ட் என்று ஒன்று உண்டு. மூன்று மாதம் கழித்துத் தனக்கு வரவேண்டிய பணத்துக்கான பில்லை வியாபாரி எங்களிடம் கொண்டுவந்து கொடுப்பார். வட்டியைக் கழித்துக்கொண்டு பாக்கியை இன்றைக்கே கொடுத்துவிடுவோம். மேற்படி படங்கள் பிறப்பதும் அநேகமாக இப்படித்தான். கான் நகரில் மே மாதமும், பல வருஷங்கள் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் நவம்பர் மாதமும் சினிமாச் சந்தை கூடும். தயாரிப்பாளர் அங்கே போஸ்டரோடு வருவார், படம் இருக்காது. போஸ்டரில் ஒரு முகம், ஒரு துப்பாக்கி, ஒரு தலைப்பு. ஜெர்மனி இவ்வளவு, ஜப்பான் இவ்வளவு என்று நாடுவாரியாக விநியோக உரிமையை முன்கூட்டியே விற்பார். படம் முடிந்து கைக்கு வந்ததும் பணம் தருகிறோம் என்று விநியோகஸ்தர்கள் எழுதிக்கொடுத்த ஒப்பந்தங்களை வங்கியில் ஈடாக வைத்துக் கடன் வாங்கிப் படம் எடுப்பார். 1980-களில் கானன் ஃபிலிம்ஸ் கம்பெனியை நடத்திய மெனாகெம் கோலன், யோராம் க்ளோபஸ் என்ற இஸ்ரேலிய ஒன்றுவிட்ட சகோதரர்கள் இந்த வித்தையில் பேர்போனவர்கள். வான் டாமை உலகத்துக்குத் தெரியவைத்த 'ப்ளட்ஸ்போர்ட்' (1988) அவர்களுடைய சரக்கு.

ஆக, கடன் கொடுத்த வங்கியின் கையில் ஈடாக உண்மையில் இருப்பது என்ன? ஒரு மனிதனின் பெயர். பதினைந்து இருபது வருஷத்துக்கு முந்தைய அவன் முகம். 1999-க்குப் பிறகு வான் டாமின் படங்கள் அமெரிக்காவில் பெரும்பாலும் தியேட்டர்களுக்கே வரவில்லை, நேரே வீடியோக் கடைக்குப் போயின. கடைக்காரனுக்கும் அட்டையில் முகம் இருந்தால் போதும். பிறகு டிவிடி வியாபாரமும் படுத்தபோது முதலீடு இன்னும் சுருங்கிற்று. பல்கேரியா, ருமேனியா என்று கூலி மலிவான இடங்களுக்குப் படப்பிடிப்பு நகர்ந்தது. நடிகனை முழுப்படத்துக்கும் வைத்திருக்கக் கட்டாமல், சில நாள் மட்டும் வரவழைத்து முகத்தை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும் வழக்கமும் வந்தது.

லேத்தோ கணிப்பொறியோ, எதை வாங்கினாலும் வருஷத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் எழுதியாக வேண்டும். புத்தகத்தில் அதன் மதிப்பு குறைந்துகொண்டே வரும். இந்தத் தொழிலில் மட்டும் தேய்மானம் எழுதப்படுவதில்லை. போஸ்டரில் இருப்பது 1990-ன் முகம், ஒப்பந்தத்தில் இருப்பது 1990-ன் பெயர். காமிராவுக்கு முன்னால் வந்து நிற்பது மட்டும் இன்றைய முட்டி. எழுதாமல் விட்ட தேய்மானம் முழுவதும் அங்கே மொத்தமாக வந்து சேர்கிறது. இந்தப் படங்களில் நான் பார்ப்பது அதைத்தான்.

நுவார் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கறுப்பு என்று அர்த்தம். 1946-ல் பிரெஞ்சு விமர்சகர்கள், யுத்தம் முடிந்து மொத்தமாக வந்திறங்கிய அமெரிக்கக் குற்றப் படங்களைப் பார்த்து இட்ட பெயர். நிழல், மழை, சிகரெட் புகை என்று அதன் அலங்காரங்களைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னளவில் நுவார் என்பது பாக்கி வசூலாகும் வடிவம். ஃப்ரிட்ஸ் லாங்கின் 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' (1945) இருபத்தைந்து வருஷம் நாணயமாக வேலை பார்த்த காசாளர் ஒருவருக்கு முதலாளி விருந்து வைத்துத் தங்கக் கடிகாரம் பரிசளிப்பதில் ஆரம்பிக்கிறது. அவர் ஞாயிற்றுக்கிழமை ஓவியர். ஒரு பெண்ணுக்காக அலுவலகப் பணத்தில் கைவைக்கிறார். அவருடைய ஓவியங்கள் வேறொருவர் பெயரில் புகழ்பெறுகின்றன. பகலில் பணம் எண்ணி இரவில் விமர்சனம் எழுதுகிற எவனும் அந்தப் படத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாது. (கையிருப்பில் பத்து ரூபாய் குறைந்தாலே எங்கள் கிளையில் இரவு எட்டு மணி வரை உட்கார வேண்டியிருக்கும். குற்றக் கதைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.)

இப்படிப்பட்ட வடிவத்துக்குள் வயதான சண்டைக்காரன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் பாக்கிக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடுகிறது. கதைக்குள் அவன் யாருக்கோ ஏதோ தரவேண்டியிருக்கிறது. கதைக்கு வெளியே அவன் முட்டியும் முதுகும் அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

இரண்டும் ஒன்றாகிவிடும் படம் 'ஜேசிவிடி' (2008). மப்ரூக் எல் மெக்ரி டைரக்ட் செய்தது. வான் டாம் வான் டாமாகவே வருகிறார். முதல் காட்சி வெட்டே இல்லாமல் நீளும் ஒரு சண்டை. உதைக்கிறார், சுடுகிறார், ஆட்கள் பறந்துபோய் விழுகிறார்கள். காட்சி முடிந்ததும் மூச்சு வாங்க டைரக்டரிடம் போய், எனக்கு 47 வயதாகிறது, எல்லாவற்றையும் ஒரே ஷாட்டில் செய்வது கஷ்டம் என்கிறார். டைரக்டர் சின்னப் பையன். அவன் காதில் அது விழுவதாகத் தெரியவில்லை. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட். மகள் யாரிடம் வளர்வது என்று வழக்கு. தகப்பனாக இருக்க இவருக்கு யோக்யதை இல்லை என்று காட்ட எதிர்த்தரப்பு வக்கீல் இவருடைய படங்களையே சாட்சியமாக வைக்கிறார். அப்பா டெலிவிஷனில் வரும்போதெல்லாம் தோழிகள் கேலி செய்கிறார்கள் என்கிறாள் மகள். கையில் காசில்லாமல் பிறந்த ஊரான ப்ரஸ்ஸல்ஸுக்குத் திரும்புகிறார். வழக்குக்குப் பணம் புரட்ட ஒரு தபாலாபீஸுக்குள் நுழைகிறார். உள்ளே கொள்ளைக்காரர்கள். வெளியே நிற்கும் போலீஸ் கொள்ளைக்காரனே வான் டாம்தான் என்று நினைக்கிறது. ஜனங்கள் கூடி அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போடுகிறார்கள்.

நிறம் வடிந்துபோன அந்தத் தபாலாபீஸை நான் கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவன் கண்ணோடுதான் பார்த்தேன். வருகிறவர் எவ்வளவு பிரபலமானாலும் கவுன்ட்டரின் அந்தப் பக்கம் நிற்கும்போது மனிதர் கொஞ்சம் குனிந்துதான் நிற்பார். இது எனக்குத் தினமும் தெரிகிற விஷயம்.

நடுவில் ஓர் இடம். கதை அப்படியே நிற்கிறது. வான் டாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மெல்ல மேலே எழும்புகிறது. தபாலாபீஸ் சுவர்களின் விளிம்பைத் தாண்டி, விளக்குகளும் கம்பிகளும் தொங்கும் ஸ்டுடியோவின் உயரத்துக்குப் போய் நிற்கிறது. அங்கிருந்து காமிராவைப் பார்த்துப் பேசுகிறார். ஆறு நிமிஷம் போலப் பேசுகிறார். போதை மருந்து, கல்யாணங்கள், கராத்தே தன்னைக் காப்பாற்றியது, இந்தப் பூமியில் தான் செய்தது ஒன்றுமில்லை என்ற எண்ணம், எல்லாம் ஒழுங்கில்லாமல் வருகின்றன. அழுகிறார். பிறகு நாற்காலி கீழே இறங்குகிறது, கதை தொடர்கிறது. முதல் தடவை பார்த்தபோது இதை நடிப்பு என்பதா, வாக்குமூலம் என்பதா, இரண்டையும் கலந்து விற்கும் சாமர்த்தியம் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. இன்றும் முழுசாக விளங்கவில்லை. மூன்றும்தான் என்று தோன்றுகிறது. இருபது வருஷம் உதைத்துக்கொண்டே இருந்த ஒருவரை இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார வைத்து முகத்தை மட்டும் பார்ப்பது சாதாரண விஷயமில்லை.

ஜான் ஹையம்ஸ் எடுத்த இரண்டு படங்களையும் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனார் பீட்டர் ஹையம்ஸ் 1994-ல் 'டைம்காப்' படத்தில் வான் டாமை அவருடைய உச்சத்தில் டைரக்ட் செய்தவர். பதினைந்து வருஷம் கழித்து மகன் 'யூனிவர்சல் ஸோல்ஜர்: ரீஜெனரேஷன்' (2009) எடுத்தபோது காமிராவைப் பிடித்தவர் அதே தகப்பனார். அப்பாவோடு நான் பார்த்த அந்தப் படத்தின் வாரிசு. பல்கேரியாவில் எடுத்தார்கள். கதைப்படி இடம் செர்னோபில். செத்து உயிர்ப்பிக்கப்பட்டுப் பிறகு மனிதனாகப் பழகிக்கொண்டிருக்கும் சிப்பாயை மறுபடியும் வேலைக்கு இழுக்கிறார்கள். ஓய்வுபெற்றவனைத் திரும்ப டியூட்டிக்குக் கூப்பிடும் கதைதான். இதற்கு அடுத்த 'டே ஆஃப் ரெக்கனிங்' (2012) முழு நுவார். மனைவியையும் மகளையும் கொன்றவனைத் தேடிப் போகிறான் ஒருவன். கடைசியில் அந்த மனைவியும் மகளும் தன் தலைக்குள் யாரோ பொருத்திவிட்ட ஞாபகங்கள், தானே சில வாரங்களுக்கு முன் தயாரிக்கப்பட்டவன் என்று கண்டுபிடிக்கிறான். தேடப்படுகிறவர் வான் டாம். மொட்டைத்தலை, முகத்தில் பூசிய வர்ணம். திரையில் வருவது கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தச் சோர்வு படம் முழுக்கப் பரவியிருக்கிறது. நடிகனைச் சில நாள் மட்டும் வாங்க முடிகிற தரித்திரத்தை அர்த்தமாக மாற்றிக்கொண்ட படம் அது.

பணம் இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். ஸ்கார்ஸேஸி 'தி ஐரிஷ்மன்' (2019) படத்தில் எழுபதைத் தாண்டிய டி நீரோவின் முகத்தைக் கணிப்பொறியால் இளமையாக்கினார். படத்தில் ஒரு மளிகைக் கடைக்காரனை நடைபாதையில் போட்டு மிதிக்கும் காட்சி இருக்கிறது. முகம் நாற்பது. மிதிக்கிற காலும் இடுப்பும் எழுபது. எவ்வளவு செலவழித்தும் அந்த இடுப்பைத் திருத்த முடியவில்லை. ஸ்கார்ஸேஸி மேதை, சந்தேகமில்லை. அந்தப் பத்து விநாடியில் என் அப்பா எழுந்து வெளியே போயிருப்பார்.

ஏழ்மை தானாகவே நேர்மையாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஸ்டீவன் ஸீகலின் பிற்காலப் படங்கள் இருக்கின்றன. பாதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், எழுந்து சண்டை போடுகிற முதுகு இன்னொருவருடையதாக இருக்கும். சில படங்களில் குரல்கூட இடையிடையே வேறு யாருடையதோ. அங்கே எடிட்டிங் என்பது தேய்மானத்தை மறைக்கும் கள்ளக் கணக்கு. காசில்லாதவனும் பொய்க்கணக்கு எழுதலாம். (தற்செயலா என்று தெரியவில்லை, 'ஜேசிவிடி'யில் வான் டாமின் கையிலிருந்து ஒரு வேஷம் நழுவி ஸீகலுக்குப் போகிறது – குடுமியை வெட்டிக்கொள்ள அவர் சம்மதித்துவிட்டாராம்.)

மேற்படி கவிஞரிடம் பிறகு டீக்கடையில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு வாக்கியத்தில் என்னைக் கவிழ்த்தார். "நீ பாக்கறது சினிமா இல்லைய்யா, ஆஸ்பத்திரி." கலையில் வயோதிகம் என்பது படைக்கப்பட வேண்டிய ஒன்று. லியர் அரசனாக நடிக்கிறவன் கிழவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எவனும் கேட்பதில்லை. நடிகன் நிஜமாகவே நொண்டுகிறான் என்பதால் உனக்கு ஏற்படும் உருக்கம் டைரக்டரின் சாதனையும் இல்லை, நடிகனின் சாதனையும் இல்லை, அது வெறும் அனுதாபம். இதுதான் அவருடைய வாதம். பலமான வாதம். நான் அப்போதைக்குச் சொன்ன பதில், மேடையில் லியர் வாயால் அழுதால் போதும், இவர்கள் கலை காலில் இருந்தது, கால் போனபின் அந்தக் கலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே இங்கே விஷயமாக ஆகிறது என்பது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அந்தப் பதிலில் பாதிதான் திருப்தி. ஏனென்றால் ஆஸ்பத்திரி என்ற சொல் வேறொரு இடத்தில் போய்த் தைத்தது.

ப்ரூஸ் வில்லிஸ் தற்காப்புக் கலைஞர் இல்லை. ஆனால் அவரும் இந்தச் சந்தைக்கு வந்து சேர்ந்தவர். 2021-ல் மட்டும் எட்டுப் படங்கள். எதிலும் கொஞ்ச நேரம் வருவார். வசனத்தை எங்கோ பார்த்துக்கொண்டு சொல்வார், முகத்தில் ஒன்றும் இருக்காது. உலகமே சிரித்தது. மோசமான படங்களுக்குக் கேலிப் பரிசு கொடுக்கும் அமெரிக்க அமைப்பு ஒன்று, அந்த வருஷம் அவர் ஒருவருக்காகவே ஒரு பிரிவை ஏற்படுத்தியது – எட்டில் எது படுமோசம் என்று. நானும் நண்பர்களுக்கு அவர் வசனம் சொல்வதுபோல நடித்துக் காட்டியிருக்கிறேன், நன்றாகவே செய்வேன். 2022 மார்ச்சில் அவர் குடும்பத்தார் அறிக்கை விட்டார்கள். அவருக்கு மூளையில் மொழியைப் பாதிக்கும் வியாதி, நடிப்பிலிருந்து விலகுகிறார் என்று. அமைப்பு அந்தப் பிரிவை ரத்து செய்தது. நான் நடித்துக் காட்டியதை ரத்து செய்ய வழியில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தது எழுதாமல் விட்ட தேய்மானம்தான். என் சித்தாந்தப்படி திரையில் இருந்த ஒரே நிஜம் அது. என் கண்ணுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது, பணத்துக்காக வந்து நின்றுவிட்டுப் போகிறவனின் அலட்சியமாகத் தெரிந்தது. உடம்பு பொய் சொல்லாது என்று சொல்லிக்கொள்வது சுலபம். அது சொல்வதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமே.

இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். அதே வருஷம் நவம்பர். வங்கி ஊழியனுக்கு நவம்பர் என்றால் லைஃப் சர்டிபிகேட். மத்திய அரசு பென்ஷன்காரர்கள், எங்கள் ஊரில் பெரும்பாலும் ரயில்வேக்காரர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதை அந்த மாதம் வந்து நிரூபித்தாக வேண்டும். கண்ணாடிக் கதவு திறந்தவுடன் கவுன்ட்டர் முன்னால் வந்து நிற்பார்கள். ரேகை மெஷினில் விரலை வைக்கச் சொல்வோம். முப்பது வருஷம் இரும்பைப் பிடித்த விரல்களில் ரேகை சரியாக விழாது. இன்னொரு விரல், இன்னொரு விரல் என்று பத்தும் வைத்துப் பார்ப்போம். விழாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது காகிதப் படிவம். அப்பாவுக்கும் காகிதம்தான். வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய்விடலாம் என்று படிவத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். பாஸ்புக்கில் இருக்கும் கையெழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் எழுத்து சரியாக ஆரம்பித்து, போகப்போகச் சிறுத்து, கடைசியில் புள்ளியாக முடிந்தது. "என்னப்பா இது, ஒழுங்காப் போடுங்க" என்றேன். மறுபடி போட்டார். இன்னும் சின்னதாக வந்தது. மூன்றாவது படிவம் எடுத்தபோது நான் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. ஆபீஸில் கையெழுத்து வித்யாசம் என்று ஸ்லிப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது எந்தக் குரலில் பேசுவேனோ அதே குரல். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குப் போட்டுக்கலாம்டா" என்றார்.

ஜனவரியில் டாக்டர் அவரைக் கேட்ட முதல் காரியம், ஒரு வாக்கியம் எழுதிக் காட்டச் சொன்னதுதான். எழுத்து சிறுத்துக்கொண்டே போவது பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்றாம். முகம் அசைவற்றுப் போவதும்.

'லூகாஸ்' படத்தை அப்பாவோடுதான் பார்த்தேன், போன வருஷம், என் லாப்டாப்பில். ப்ரஸ்ஸல்ஸ் நகரத்தின் இரவு விடுதி ஒன்றில் வாசல் காவலாள் லூகாஸ். எட்டு வயது மகள், தாய் இல்லை. கலாட்டா செய்தவனைத் தடுக்கப்போய் அவனுக்குப் பலமான காயம், வேலை போகிறது. இன்னொரு விடுதியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போகிறான். அங்கே நேர்முகத் தேர்வு இப்படி: விண்ணப்பித்தவர்களை எல்லாம் ஒரு நிலவறையில் விட்டு அடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள், கடைசியில் நின்றுகொண்டிருப்பவனுக்கு வேலை. விடுதி முதலாளி கள்ளநோட்டுக்காரன். மகளைப் பறித்துவிடுவோம் என்ற பயத்தைக் காட்டிப் போலீஸ் இவனை உளவாளியாக்குகிறது. இவ்வளவுதான் கதை. வான் டாமுக்கு அப்போது 57. மிகக் குறைவாகப் பேசுகிறார். காமிரா பல இடங்களில் அவர் பிடரியைத் தொடர்ந்து போகிறது. அதே பெல்ஜியத்துக்காரர்களான டார்டென் சகோதரர்கள் 'லெ ஃபீஸ்' (2002) படத்தில் தச்சு வாத்தியாரின் பிடரியைத் தொடர்வார்கள், ஞாபகம் வந்தது. அந்தப் பிடரியை நம் நண்பர்கள் சிலாகித்து எழுதியிருக்கிறார்கள். இந்தப் பிடரியைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

அப்பா அந்த நிலவறைச் சண்டையை அசையாமல் பார்த்தார். அவர் இப்போது எதையும் அசையாமல்தான் பார்க்கிறார், அதனால் பிடித்திருக்கிறதா இல்லையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. காலை உயர்த்தும் உதை ஒன்றுகூட இல்லை. கட்டிப் புரண்டு, சுவரில் மோதி, மூச்சிரைத்து, அவலட்சணமான சண்டை. முடிந்ததும் லூகாஸ் எழுந்து நிற்க நேரமாகிறது.

"வேண்டாமா இவன்?" என்றார் அப்பா. ஆமாம் என்றேன்.

"முன்னல்லாம் அடிச்சுட்டு யோசிப்பான். இப்ப யோசிச்சுட்டு அடிக்கறான்." கொஞ்சம் பொறுத்து, "வலது முட்டி போயிருக்கு. எல்லா வெயிட்டையும் இடதுல போடறான் பாரு" என்றார்.

அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

லைஃப் சர்டிபிகேட்டுக்கு இப்போது கைபேசி போதும். 2021-லிருந்து முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ரேகை தேய்ந்தவர்களுக்கு வசதி. போன நவம்பரில் அப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தேன். திரை முழுக்க அவர் முகம். கண்ணை இமைக்கும்படி அது கேட்டது. உயிருள்ள முகமா புகைப்படமா என்று தெரிந்துகொள்ள அதற்கு வேறு வழியில்லை. சொன்னேன். அவர் இமைக்கவில்லை. இந்த வியாதியில் இமைப்பும் குறைந்துபோகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று காட்டிற்று. மறுபடி ஆரம்பித்தேன். கை வலித்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை கிட்டத்தில் இவ்வளவு நேரம் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு, பணிமனையில் ஏதோ தெறித்து வந்தது, அது எந்த வருஷம் என்று அவரைக் கேட்டதில்லை.

மூன்றாவது தடவை இமைத்தார். பதிவாகிவிட்டது.

"ஆச்சா?" என்றார்.

ஆச்சு என்றேன்.